திறந்த கூடத்தில் மிக்ஸிங்: ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சமையலறை

காட்பாடி_பம்பை:

வணக்கம். காட்பாடியில் எங்கள் வீட்டுக் கூடத்தின் ஒரு கோடியில் மிக்ஸிங் வேலை (பதிவான குரலையும் கருவிகளையும் அளவாகக் கலப்பது) செய்து வருகிறேன். தனி அறை ஒதுக்க வழியில்லை. கூடம் 24 அடி நீளம், 12 அடி அகலம். 10 அடி உயரத்தில் காங்கிரீட் கூரை, தரையில் வழவழப்பான டைல்ஸ். இடப்பக்கம் செங்கற்சுவர் கூடத்தின் முழு நீளத்துக்கும் செல்கிறது; வலப்பக்கமோ சுவரே இல்லாமல் சாப்பாட்டு இடத்துக்கும் சமையலறைக்கும் திறந்திருக்கிறது. 5 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டையும் முன்சுவரிலிருந்து 3 அடி தள்ளி வைத்திருக்கிறேன்.

அம்மன் பாடல்களும் பம்பை, உடுக்கை ஒலிப்பதிவுகளும்தான் பெரும்பாலும் என்னிடம் வருகின்றன. நாற்காலியில் அமர்ந்து கேட்கும்போது பம்பையின் கனத்த முழக்கம் மெலிந்து கேட்கிறது. அதை ஏற்றி முடித்துக் காரில் போட்டால் மற்ற எல்லாவற்றையும் அது மூடிவிடுகிறது. நடுவில் நிற்க வேண்டிய பாடகர் குரலும் சற்று இடப்பக்கம் சாய்ந்தே கேட்கிறது. கூடம் முழுவதும் ஃபோம் ஒட்டச் சொல்கிறார் கடைக்காரர். அதற்கு வீட்டில் ஒப்ப மாட்டார்கள். ஆடி மாதத்துக்குள் ஒரு தொகுப்பை முடித்துத் தர வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

பாலாற்றங்கரை:

ஃபோம் வாங்காதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்று, இரண்டு அங்குல ஃபோம் மேல் ஒலிகளை மட்டும் உறிஞ்சும். உங்களுக்குத் தொல்லை தருவது தாழ் ஒலி. அதை ஒட்டிய பிறகு கூடம் மந்தமாகும், முழக்கத்தின் கணக்கு மட்டும் அப்படியே தவறாக நிற்கும்.

நீங்கள் சொன்ன அளவுகளிலேயே காரணம் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. தாழ் ஒலி ஸ்பீக்கருக்கு முன்னால் மட்டும் போகாமல் பின்னாலும் பரவி, 3 அடி தள்ளியிருக்கும் சுவரில் மோதி, மொத்தம் 6 அடி கூடுதலாகப் பயணித்துத் திரும்புகிறது. 95 ஹெர்ட்ஸை (நொடிக்கு 95 அதிர்வு) ஒட்டிய ஒலிக்கு அந்த 6 அடி சரியாக அரை அலைநீளம் என்பதால், திரும்பி வருவது நேரே வருவதற்கு எதிராக அமைந்து அதை அழித்துவிடுகிறது. பம்பையின் கனம் இருக்கும் பகுதியும் ஏறக்குறைய அதுவே. ஒலி இப்படி அழிந்து விழும் பள்ளத்தை ஈக்யூவால் (ஒவ்வொரு பகுதி ஒலியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) நிரப்ப முடியாது. நேரே வரும் ஒலியை எவ்வளவு ஏற்றுகிறீர்களோ, அழிக்க வரும் ஒலியும் அவ்வளவு ஏறும்.

ஆகவே ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து ஒன்றரை அடியில் இருக்குமாறு பின்னே தள்ளுங்கள். பள்ளம் 190 ஹெர்ட்ஸ் பக்கம் நகர்ந்துவிடும். அங்கே ஸ்பீக்கருக்குப் பின்னால் வைக்கும் 4 அங்குல ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பேனல் ஓரளவு வேலை செய்யும். சுவரை நெருங்குவதால் தாழ் ஒலி பொதுவாகக் கூடும். ஸ்பீக்கரின் பின்புறம் அதைக் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் பயன்படுத்துங்கள்.

குரல் சாய்வதற்கு இடச்சுவர்தான் காரணம். அதில் பட்டு உடனே திரும்பும் ஒலி இடப்பக்கத்தை மட்டும் வலுப்படுத்துகிறது. வலப்பக்கம் போன ஒலி சமையலறை வரை சென்று, தாமதமாகவும் மெலிந்தும் வருகிறது. இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும் என்று வலப்பக்கத்தில் பலகையோ அலமாரியோ கொண்டுவந்து அடைப்பவர்கள் உண்டு. எனக்கு அது தலைகீழான வழியாகவே படுகிறது. ஒலியைத் திருப்பித் தராத திறப்பைவிடச் சிறந்த உறிஞ்சி கிடையாது. இடச்சுவரைத்தான் அந்தத் திறப்பைப் போல நடந்துகொள்ளச் செய்ய வேண்டும். நீங்கள் நாற்காலியில் இருக்க, வேறொருவர் இடச்சுவரின்மேல் ஒரு கண்ணாடியை நகர்த்தட்டும். அதில் எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே தடித்த பேனலை நிறுத்துங்கள். மேசையையும் இடச்சுவரிலிருந்து இயன்ற அளவு விலக்கிக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை_தச்சர்:

பேனல் செய்வதைப் பற்றி நான் சொல்கிறேன். 4 அடிக்கு 2 அடி மரச்சட்டம், அதற்குள் கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள 2 அங்குல ராக்வூல் பலகைகள் இரண்டு. பின்புறம் பிளைவுட் அடிக்க வேண்டாம்; துணியே போதும். சுவருக்கும் பேனலுக்கும் நடுவில் 4 அங்குலம் காலியாக விட்டால், பொருள் செலவு இல்லாமலேயே இன்னும் தாழ்ந்த ஒலி வரை உறிஞ்சும். அடியில் அகலமான கால் பொருத்தினால் சுவரில் ஆணி அடிக்க வேண்டியதில்லை, விருந்தினர் வரும்போது ஓரமாக நகர்த்தியும் வைக்கலாம்.

மேல்துணிக்குக் குடியாத்தம் கைலித் துணி அருமையாகப் பொருந்தும். வாயை வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் போக வேண்டும், அதுதான் சோதனை. ரெக்சின் போர்த்தினால் மேல் ஒலி திரும்பிவிடும். ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலைகளின் கழிவு ஃபோம் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். காலணிக்கான ஈவிஏ (ரப்பர் போன்ற பிளாஸ்டிக் நுரை) ஷீட்டில் துளைகள் மூடியிருக்கும், காற்று உள்ளே நுழையாது, ஆகையால் அது ஒலியை உறிஞ்சாது. ராக்வூலை வெட்டும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம். அது தீப்பற்றாது. பிளக் பாயிண்டுகளும் ஆம்ப்ளிஃபயரும் இருக்கும் இடத்தில் ஃபோமைவிட அதை நம்பலாம்.

இசைமாணவி_வேலூர்:

இடையில் ஒரு கேள்வி கேட்கலாமா? முட்டை அட்டைகளும் வந்தவாசிக் கோரைப்பாயும் பயன்படாதா? அடுத்த வீட்டாருக்குச் சத்தம் போகாமல் இருக்கவும் இதே பேனல்கள் உதவுமா?

பாலாற்றங்கரை:

முட்டை அட்டையால் பயன் இல்லை. எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் வேண்டவே வேண்டாம். கோரைப்பாயும் மெல்லியது, டைல்ஸ் தரைக்கும் காங்கிரீட் கூரைக்கும் இடையே கைதட்டினால் எழும் படபடப்பு அடங்க, தடித்த ஜமக்காளம் அல்லது கம்பளம் நல்லது. அடுத்த வீட்டுக்குப் போகும் சத்தத்தைக் கனமும் காற்றுப்புகா அடைப்பும்தான் தடுக்கும். பேனல்கள் கூடத்துக்குள் கேட்பதைச் சீர்செய்யும், அவ்வளவுதான்.

காட்பாடி_பம்பை:

ஸ்பீக்கர்களைப் பின்னே தள்ளி, இடச்சுவரில் கண்ணாடி காட்டிய இடத்தில் இரண்டு மெத்தைகளை நிறுத்திப் பார்த்தேன். குரல் நடுவுக்கு வந்துவிட்டது, பம்பையின் அடி தெளிந்திருக்கிறது, மிக்க நன்றி ஐயா. ஆயினும் அதற்கும் கீழே உள்ள ஆழ்ந்த ஒலி, நாற்காலியில் உட்கார்ந்தால் குறைவாகவும் தரையில் உட்கார்ந்தால் கூடுதலாகவும் கேட்கிறது.

பாலாற்றங்கரை:

அது தரைக்கும் கூரைக்கும் இடையே எழும் அலை. 10 அடி உயரத்துக்கு அது 57 ஹெர்ட்ஸ் அளவில் அமையும். 5 அடி உயரத்தில் அதன் அழுத்தம் மிகக் குறைவு. நாற்காலியில் அமர்ந்திருக்கையில் உங்கள் காது 4 அடியில், அந்தப் பள்ளத்துக்கு அருகிலேயே இருக்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு 4 அங்குலப் பேனல் போதாது. தலைக்கு மேல் தடித்த பேனல் தொங்கவிடுவதற்கும் மின்விசிறி இடம் தராது. எனவே 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் நல்ல ஹெட்ஃபோனில் தீர்மானியுங்கள். ரூம் ஈக்யூ விசார்ட் என்பது அறையின் ஒலியை அளக்கும் இலவச மென்பொருள். அளவீட்டு மைக் ஒன்றை இரவல் வாங்கி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, காது இருக்கும் இடத்தில் ஒரு முறை அளந்து அந்த வரைபடத்தை இங்கே பதிவிடுங்கள். பேனல்களுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே அளந்துவிடுவது நல்லது.