ஹேண்ட்பால் ஆட்டக்காரர்களுக்குக் கெட்டில்பெல்: எது உதவுகிறது, எங்கே சறுக்குகிறது?

கெட்டில்பெல் என்பது கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. அதைக் கால்களுக்கு நடுவே பின்னால் வீசி, நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவருவது ஸ்விங். ஸ்விங்கை ஸ்குவாட் மாதிரி உட்கார்ந்து எழுந்து செய்வதுதான் அடிக்கடி கண்ணில் படும் கோளாறு. முழங்கால் லேசாக மடங்கினால் போதும், இடுப்புதான் பின்னால் போக வேண்டும். குண்டு முழங்காலுக்குக் கீழே இறங்கினால் பாரம் முழுக்கக் கீழ்முதுகில் விழும். முன்கை உள்தொடையில் உரசும் உயரத்தில் அது போய்வரட்டும். இடுப்பை வெடுக்கென்று நிமிர்த்தினால் குண்டு தானாக நெஞ்சு உயரம் வரும். கையால் தூக்குகிறவர்களைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்: தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், உச்சியில் குண்டு கைப்பிடிக்குக் கீழே தொங்கும். எறிந்து எறிந்து களைத்த தோளுக்கு இது வீண் சுமை.

புதிதாகத் தொடங்கும் ஆண்களுக்கு 12 அல்லது 16 கிலோ, பெண்களுக்கு 8 அல்லது 12. நிமிடத்துக்கு 10 ஸ்விங், மீதி நேரம் ஓய்வு, 8 சுற்று. வேகம் குறைந்தால் அந்தச் சுற்றோடு நிறுத்திவிடலாம்.

*

மேலே சொன்னது சரிதான், ஆனால் ஸ்விங்கோடு நின்றுவிடாதீர்கள். இந்த ஆட்டத்தில் பாதி வேலை ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தித் திசை மாற்றுவது. வலதுகைக்காரர் ஜம்ப் ஷாட்டுக்கு, அதாவது குதித்தபடி கோலுக்கு எறிய, இடது காலில்தான் எம்புவார். அதனால் ஒற்றைக்கால் டெட்லிஃப்டை (ஒரு காலில் நின்று, மறு காலைப் பின்னால் நீட்டி, இடுப்பில் குனிந்து நிமிர்வது) அந்தக் காலில் முதலில் செய்யச் சொல்லுங்கள்: இடது கால் தரையில், குண்டு வலது கையில், 6 தடவை, பிறகு கால் மாற்றி. பின்னால் நீளும் காலின் விரல்கள் தரையைப் பார்க்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கமாகத் திறந்துகொண்டால் எடையைக் குறையுங்கள்.

கோல்கீப்பர்களுக்கு நான் முதலில் கொடுப்பது பக்கவாட்டு லஞ்ச்: ஒரு பக்கமாக அகலக் கால் வைத்து, அந்த முழங்காலை மடக்கி இறங்குவது. குண்டை நெஞ்சோடு அணைத்து, 3 நொடியில் இறங்கி, ஒரு நொடி நின்று, தரையை உதைத்து எழ வேண்டும். முழங்கால் உள்ளே சாய்ந்தால் அவ்வளவு ஆழம் இப்போதைக்கு வேண்டாம்.

*

கிளீன் (குண்டைக் கீழிருந்து தோள் உயரத்துக்கு ஏற்றி நிறுத்துவது) செய்யும்போது மணிக்கட்டில் அடி விழுகிறதே, என்ன செய்வது?

*

குண்டு உடம்பை விட்டு விலகி வட்டமடிக்கிறது, அதுதான் கவிழ்ந்து அடிக்கிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். வயிற்று உயரத்திலேயே பிடியைத் தளர்த்தி, உள்ளங்கையைக் கைப்பிடிக்குள் நுழையுங்கள். இறுக்கிப் பிடித்தால் காய்ப்பும் பிய்யும், பிய்ந்த கையோடு பந்தைப் பிடிக்க முடியாது. வாரத்துக்கு 2 நாள் போதும், அதுவும் எறிதல் பயிற்சி முடிந்த பிறகு.