பொருள்: 'ஃப்ரீ ஏஜென்ட்' என்பதற்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

செயின்ட் லூயிஸிலிருந்து

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். இங்கே வாரக்கடைசித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஆண்டு மலருக்கு என் மாணவன் ஒருவன் பேஸ்பால் வீரர் ஆல்பர்ட் புஹோல்ஸைப் பற்றி எழுதியிருக்கிறான். வயதாகிவரும் நட்சத்திர வீரருக்கு ஏன் பத்தாண்டு ஒப்பந்தம் கொடுக்கிறார்கள் என்பது அவன் கேள்வி. நன்றாகவே எழுதியிருக்கிறான். ஆனால் விரும்பிய அணியோடு பேசும் உரிமை உள்ள வீரரைக் குறிக்கும் 'ஃப்ரீ ஏஜென்ட்' என்பதை அப்படியே பெயர்த்து, "2011இல் புஹோல்ஸ் சுதந்திர முகவர் ஆனார்" என்கிறான். அடுத்த வரியில் "அவருடைய முகவர் ஏஞ்சல்ஸ் அணியோடு பேசினார்" என்று வருகிறது. ஊரில் இதைப் படிக்கும் அவன் தாத்தா எந்த முகவரை எங்கே வைத்துப் பார்ப்பார்? வெள்ளிக்கிழமை மலர் அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

கோவையிலிருந்து

அம்மா, இதற்கு ஏன் புதுச்சொல்? ஐபிஎல் செய்திகளில் 'தக்கவைக்கப்பட்ட வீரர்', 'விடுவிக்கப்பட்ட வீரர்' என்று எழுதி எழுதிப் பழகிவிட்டது. 'விடுவிக்கப்பட்ட வீரர்' என்றே போடுங்கள். தாத்தாவுக்கும் புரியும்.

மதுரையிலிருந்து

கோவை நண்பர் சொல்வதை ஏற்க முடியவில்லை. 'விடுவி' பிறவினை. விடுவிப்பவர் ஒருவர் வேண்டும். 2011இல் புஹோல்ஸை யாரும் விடுவிக்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தது, அவர் விடுபட்டார். 2021 மே மாதம் ஏஞ்சல்ஸ் அணி அவரை வேண்டாம் என்று அனுப்பியதே, அதுதான் விடுவிப்பு. ஒரே மனிதர் வாழ்வில் தன்வினையும் பிறவினையும் பத்தாண்டு இடைவெளியில் நடந்திருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கட்டுரையின் உயிரே போய்விடும். 'விடுபட்ட வீரர்' என்பதே சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'விடு' முதனிலை திரிந்தால் 'வீடு'. வீடுபேறு என்பதில் இருப்பது இந்த வீடுதான். நாம் குடியிருக்கும் வீடும், வேலையை விட்டு வந்து இளைப்பாறும் இடம் என்ற பொருளில், இதே வேரிலிருந்து வந்தது என்பேன். பேஸ்பாலில் ஓடிவருகிறவர் கடைசியில் தொடும் தளத்துக்கும் வீடு என்றுதானே பெயர்? புஹோல்ஸ் 2022இல் செயின்ட் லூயிஸுக்கே திரும்பி, 703 ஹோம் ரன்களோடு (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) ஓய்வு பெற்றார். விடுபட்டவர் வீடு சேர்ந்தார்! இந்தப் பொருத்தம் வேறு எந்தச் சொல்லில் கிடைக்கும்?

சென்னையிலிருந்து

ஐயா, வேர் அழகாக இருக்கிறது. ஆனால் நாற்பது ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவள் நான். 'விடுபட்ட' என்றால் 'பட்டியலில் பெயர் விடுபட்டவர்' என்றுதான் கண் படிக்கும். அணியில் இடம் கிடைக்காதவர் என்று பொருளாகிவிடும்.

'கட்டற்ற மென்பொருள்' என்று நாம் எல்லாரும் எழுதுகிறோமே, 'கட்டற்ற வீரர்' ஏன் கூடாது?

நியூ ஜெர்சியிலிருந்து

இருபது வருடமாக இந்த ஆட்டத்தைப் பார்த்து வருகிறேன். சொல் எதுவானாலும், முதலில் பொருளைச் சரியாகப் பிடிக்க வேண்டும். தனிமடலில் ஒருவர் சொன்ன 'ஒப்பந்தம் முடிந்த வீரர்' பொருந்தாது. மேஜர் லீக் என்னும் அமெரிக்க உச்சநிலை பேஸ்பாலில் ஆறு ஆண்டு பணிக்காலம் நிறையும்வரை, ஒப்பந்தம் ஆண்டுதோறும் முடிந்தாலும் வீரர் அதே அணிக்குத்தான் உரியவர். விரும்பிய அணியோடு பேசும் உரிமை அதற்குப் பிறகுதான் வரும். ஆக, நாம் தேடுவது உரிமையைக் குறிக்கும் சொல்.

அந்த உரிமை சும்மா வரவில்லை. உங்கள் ஊர் கார்டினல்ஸ் அணியில் 12 ஆண்டு ஆடிய கர்ட் ஃப்ளட்டை 1969இல் பிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். வாங்கவும் விற்கவும் நான் சொத்து அல்ல என்று லீக் ஆணையருக்குக் கடிதம் எழுதி, வழக்கும் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 3 என்று தோற்றார். 1975 டிசம்பரில் ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ், மெஸ்ஸர்ஸ்மித், மெக்னாலி என்ற இரு வீரர்களின் முறையீட்டில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. ஒப்பந்தத்தை அணி ஒருதலையாக ஓர் ஆண்டுதான் நீட்டலாம், ஆயுள் முழுக்க நீட்ட முடியாது என்பது அவர் தீர்ப்பு. 'தன்னுரிமை வீரர்' என்று முன்மொழிகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து

'தளையற்ற வீரர்' என்று யாரும் சொல்லவில்லையே! யாப்பில் சீரையும் சீரையும் பிணைப்பது தளை. வீரரை அணியோடு பிணைப்பதும் தளைதானே. எங்கள் பக்கம் பனையேறிகள் காலில் மாட்டும் நாருக்கும் தளைநார் என்றே பெயர். அது கட்டுகிறது, மரத்தில் நிற்கவும் வைக்கிறது. ஒப்பந்தமும் அப்படித்தான்.

கோவையிலிருந்து

ஐயா, தளைநார் இல்லாத பனையேறி விழுந்துவிடுவாரே! ஒரு மாணவன் கட்டுரைக்கு நாம் பனை உச்சிக்கே போய்விட்டோம். புரியாத தூய தமிழைவிடப் புரிகிற 'ஃப்ரீ ஏஜென்ட்' மேல் என்று தோன்றுகிறது. கூடவே ஒன்று: முதுமையில் வாங்கும் அந்தப் பெருந்தொகைக்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. தண்டச் சம்பளம்.

நியூ ஜெர்சியிலிருந்து

அந்தச் சொல்லை மட்டும் மலரில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கணக்கைப் பாருங்கள். புஹோல்ஸ் 2001இல் முதல் ஆண்டிலேயே 37 ஹோம் ரன் அடித்தார். வாங்கியது 2 லட்சம் டாலர். மூன்று முறை லீகின் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றார், கார்டினல்ஸில் ஆடிய 11 ஆண்டில் அடித்தாடும் சராசரி .328 (ஆயிரம் வாய்ப்புக்கு 328 வெற்றி அடி). ஏஞ்சல்ஸ் 24 கோடி டாலரைப் பத்தாண்டுக்குக் கொடுத்தபோது அவருக்கு 32 நெருங்கிவிட்டது. அந்தப் பத்தாண்டில் சராசரி .256 ஆகச் சரிந்தது உண்மை. சம்பளமோ 1.2 கோடியில் தொடங்கி ஆண்டுதோறும் ஏறி, 2021இல் 3 கோடியைத் தொட்டது. உடல் இறங்க இறங்கச் சம்பளம் ஏறும்படி எழுதியது அவர் மட்டும் அல்லவே, அணியும்தானே?

உழைப்பின் உச்சத்தில் உரிமை இல்லை. உரிமை வரும்போது உச்சம் போய்விட்டது. இளமையில் கொடுக்காததை முதுமையில் கொடுக்கிறார்கள். இதற்கு 'நிலுவை' என்பதே நேர்மையான சொல்.

நீண்ட காலத்துக்கு எழுதுவதில் அணிக்கும் லாபம் உண்டு. வீரர்களின் மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அணி லீகுக்குக் கட்டும் ஊதிய வரி, ஒவ்வொரு ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்த சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2022 டிசம்பரில் சான் டியாகோ அணி 30 வயது ஸாண்டர் போகார்ட்ஸுக்கு 28 கோடியை 11 ஆண்டுக்குப் பரப்பியது. ஏழு ஆண்டுக்குக் கொடுத்திருந்தால் ஆண்டுக்கு 4 கோடி. இப்போது இரண்டரைக் கோடிதான் கணக்கில் ஏறுகிறது. கடைசி ஆண்டுகளில் அவர் பழையபடி ஆடுவார் என்று நம்பி அல்ல, இந்தக் கணக்கைப் பார்த்தும்தான் 11 ஆண்டு.

கோவையிலிருந்து

இந்த விவரம் எனக்குத் தெரியாது. 'தண்டச் சம்பளம்' என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 'நிலுவை' என்பதும் முழுக்கச் சரியில்லை. நிலுவை என்றால் கொடுக்க வேண்டியவர் கொடுக்க வேண்டும். இங்கே கார்டினல்ஸில் உழைத்ததற்கு ஏஞ்சல்ஸ் அல்லவா கொடுத்தது?

சென்னையிலிருந்து

நல்ல கேள்வி. நாளை வெள்ளி என்பதால் முதல் சொல்லையாவது முடிப்போம். 'கட்டற்ற' என்ற என் முன்மொழிவை விட்டுவிடுகிறேன். வீரரோடு சேரும்போது ஒழுங்கு இல்லாதவர் என்ற வாடை வருகிறது. 'தன்னுரிமை வீரர்' இருக்கட்டும். முதல் முறை வரும்போது, "ஆறாண்டுப் பணி முடித்து, எந்த அணியோடும் பேசும் உரிமை பெற்றவர்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

செயின்ட் லூயிஸிலிருந்து

நன்றி. 'தன்னுரிமை வீரர்', 'நெடுங்கால ஒப்பந்தம்' இரண்டையும் எடுத்துக்கொண்டேன். சம்பளத்துக்குப் பெயர் வைக்காமல் தொகையை மட்டும் எழுதச் சொல்லிவிட்டேன். 2021 மே நிகழ்வுக்கு மதுரை ஐயா சொன்னபடி 'விடுவிக்கப்பட்டார்'. ஃப்ளட்டின் கதையைப் பையனிடம் சொன்னேன், அவனாகவே ஒரு பத்தி சேர்த்திருக்கிறான். ஜப்பானிய வீரர் ஒஹ்தானி தன் ஒப்பந்தத்தின் 70 கோடி டாலரில் 68 கோடியை 2034 முதல் வாங்கிக்கொள்வதற்கு 'ஒத்திவைத்த ஊதியம்' என்று எழுதியிருக்கிறான். இது யாருக்காவது உறுத்தினால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து

'ஒத்திவைத்த' உறுத்தவில்லை. 'தன்னுரிமை' உறுத்துகிறது. பிறவியிலேயே கையில் இருந்தது போன்ற சொல் அது. இவர்கள் போராடிப் பெற்றார்கள். நேற்று இரவு யோசித்ததில் 'கட்டறுத்த வீரர்' என்று தோன்றியது. தன்வினைச் சிக்கல் இல்லை, செய்தவர் யார் என்பதும் சொல்லிலேயே தெரிகிறது. மாடு கட்டறுத்துக்கொண்டு ஓடியது என்று ஊரில் சொல்வார்கள் என்பதற்காக அதை ஒதுக்க வேண்டாம். பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் என் மாறுபாட்டைக் குழுவின் சொற்பட்டியலில் குறித்துவையுங்கள். பையன் ஃப்ளட்டைப் பற்றி எழுதிய பத்தியை அனுப்புங்கள் அம்மா, படிக்க வேண்டும்.