கெஸ்டால்ட் தெரபிஸ்ட் பயிற்சி: 450 மணி நேரம் எப்படிச் சேரும்?

குரோய்டன்வாசி: லண்டனில் இருக்கிறேன். கவுன்சலிங் டிப்ளமோ முடித்தாயிற்று, அடுத்து கெஸ்டால்ட் (இப்போது மனத்திலும் உடலிலும் நடப்பதைக் கவனிக்க வைக்கும் உளசிகிச்சை முறை). 4 வருடம், வார இறுதி வகுப்பு என்கிறார்கள். வேலையை விடாமல் யூ.கே.சி.பி. (பிரிட்டனின் உளசிகிச்சையாளர் அமைப்பு) பதிவு வரை போக முடியுமா? காலி நாற்காலியை (எதிரே நாற்காலியில் ஒருவர் இருப்பதாக நினைத்துப் பேச வைக்கும் முறை) இப்போதே கிளையன்ட்டிடம் செய்து பார்க்கலாமா?

தேம்ஸ்கரை: வேலையை விட வேண்டாம். ஆனால் வாரத்தில் ஒரு பகல் முழுசாகக் கையில் இருக்கணும். வகுப்பை எல்லாரும் கணக்கில் வைப்பார்கள். இழுத்தடிப்பது கிளையன்ட் மணி நேரம்தான். 450 வேண்டும். வாரம் 2 பேர், வருடத்துக்கு 40 வாரம் என்றால் 80தான் சேரும், ஐந்தரை வருடம் தாண்டிவிடும். 4 பேர் என்றால் மூன்று வருடத்தில் 480. வராமல் போனவர் கணக்கில் வரமாட்டார்.

சூப்பர்விஷன் (அனுபவமுள்ள தெரபிஸ்ட்டிடம் உங்கள் கிளையன்ட் வேலையைப் பேசுவது) 6 கிளையன்ட் மணி நேரத்துக்கு 1. பலர் கோட்டை விடும் இடம் இது. 4 கிளையன்ட் வைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் போனால் 8-க்கு 1 ஆகிவிடும். கடைசி வருடத்தில்தான் பள்ளம் தெரியும்.

இதோடு உங்கள் சொந்தத் தெரபி, வருடம் 40 மணி நேரம். கட்டணப் பட்டியலில் இது இருக்காது! இப்போது போகும் தெரபிஸ்ட்டை நிறுவனம் ஏற்குமா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

வேர்க்கால்: நாற்காலிக்கு அவசரம் வேண்டாம். அதைக் கற்க ஒரு நாள் போதும். எப்போது வைக்கக்கூடாது என்று கற்கத்தான் வருடக்கணக்கு. கால் தரையில் படுகிறதா, மூச்சு ஓடுகிறதா, முதலில் அதைப் பாருங்கள். சம்மதம் கேட்டு, நாற்காலி எவ்வளவு தூரத்தில் இருக்கணும் என்று அவரையே சொல்லவிடுங்கள். "அப்பா அப்படித்தான்" என்பவரை "நீங்க" என்று நேராகப் பேச வையுங்கள். முடிவில் தன் இருக்கைக்கே திரும்பணும். 50 நிமிட அமர்வில் அரை மணி தாண்டினால் தொடங்காதீர்கள், கிளறியதை மூட நேரம் இருக்காது. கண் எங்கோ நிலைத்து, கூப்பிட்டால் பதில் வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். சைக்கோசிஸ் (நிஜம் எது என்று பிரித்தறிய முடியாத மனநிலை) உள்ளவரிடம் பயிற்சிக் காலத்தில் வேண்டவே வேண்டாம்.

மூவரணி: மூவர் பயிற்சியில் (தெரபிஸ்ட், கிளையன்ட், பார்வையாளர்) அதிகம் திருத்தம் வாங்குவது "ஏன்?" என்ற கேள்விதான். கேட்டதும் கிளையன்ட் காரணம் தேடத் தலைக்குள் போய்விடுவார். "இப்போ தொண்டையில் என்ன நடக்குது?", "கையை எப்படி இறுக்குறீங்க?" என்று கேட்டுப் பழகுங்கள்.

குரோய்டன்வாசி: நன்றி. குழு சூப்பர்விஷன் 4 பேர், 2 மணி நேரம் என்றால் என் கணக்கில் 30 நிமிடமா?

தேம்ஸ்கரை: உங்கள் நிறுவனம் எப்படி எண்ணுகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.