லெவலிங் = நிரவல்? (பிரஷ் பெயின்டிங் கையேடு, கலைச்சொல்)

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களின் இரும்புப் பாகங்களுக்குப் பிரஷ்ஷாலேயே எனாமல் அடிப்பது பற்றிய கையேட்டில் ‘லெவலிங்’ என்ற இடத்தில் நிற்கிறோம். பிரஷ் இழுத்ததும் பெயின்ட்டில் மயிர்க்கோடுகள் தெரிகின்றன. சிறிது நேரத்தில் அவை தானாகவே அடங்கி, பரப்பு ஒரே சீராகிவிடுகிறது. அந்த நிகழ்வுக்குத்தான் பெயர் தேடுகிறோம். என் முன்மொழிவு: நிரவல்.

> ‘மட்டமாதல்’ போதுமே? ரசமட்டம் எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.

ரசமட்டம் தெரியும், உண்மை. ஆனால் ‘நன்றாக மட்டமாகும் பெயின்ட்’ என்று எழுதினால் கடைக்குப் போகிறவர் அந்த டப்பாவைத் தொடமாட்டார். மட்டமான பெயின்ட் என்றால் நம்மிடம் தரங்கெட்ட பெயின்ட் என்றுதான் பொருள்.

> ‘படிதல்’ என்றால் என்ன குறை?

டப்பாவின் அடியில் நிறமி படிகிறதே, அதற்கு அந்தச் சொல் வேண்டும். ‘அடிப்பதற்கு முன் படிந்ததைக் கலக்கவும்’ என்று மூன்றாம் பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கிறோம். ‘வழிவு’ என்ற யோசனையும் இதனால்தான் எனக்கு ஒப்பவில்லை. செங்குத்தான பரப்பில் பெயின்ட் இறங்கிக் கோடு விழுந்தால் பெயின்டர்கள் ‘வழிஞ்சிடுச்சு’ என்கிறார்கள். அந்தக் குறைக்கு வழிதல் என்ற சொல்லை விட்டுவைப்போம்.

நிரவு என்ற வினை நம் கையில் இருக்கிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரவுகிறோம். பிரஷ் கோட்டில் நடப்பதும் அதேதான்: மேட்டில் இருக்கும் பெயின்ட் பக்கத்துப் பள்ளத்துக்கு நகர்கிறது. அதை நகர்த்துவது முக்கியமாகப் பரப்பு இழுவிசை. 1962-இல் ஆர்ச்சர்ட் என்பவர் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார். கோடுகளுக்கு இடையிலான தூரம் பாதியானால் நிரவல் 16 மடங்கு வேகமாகும். பூச்சின் தடிமன் இரு மடங்கானால் 8 மடங்கு வேகமாகும். பாகுத்தன்மை கூடினால் அதே விகிதத்தில் மெதுவாகும். மெல்லிய மயிர் கொண்ட நல்ல பிரஷ்ஷுக்கு ஏன் காசு செலவழிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. தடிமன் உதவுகிறதே என்று அள்ளிப் பூசினாலோ செங்குத்துப் பரப்பில் வழிந்துவிடும். கழற்ற முடிந்த பாகத்தைக் கழற்றிக் கிடத்திவைத்து அடிக்கச் சொல்வது அதனால்தான்.

> ‘நிரவுதல்’ நாம் செய்வது அல்லவா? பெயின்ட் தானாகச் செய்வதை எப்படி அந்தச் சொல்லால் குறிப்பது?

இந்தக் கேள்விதான் முக்கியமானது. கை செய்வதற்கும் பெயின்ட் செய்வதற்கும் தனித்தனிச் சொல் இருந்தே தீர வேண்டும். இப்போதைய வரைவில் இரண்டுக்கும் ‘சமன் செய்தல்’ என்றே இருக்கிறது. அதைப் படிக்கிறவர் கோடு மறையும்வரை பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இருப்பார். அதற்குள் தின்னர் பறந்து, பெயின்ட் இறுகத் தொடங்கிவிடும். அதன்பின் விழும் கோடு அப்படியே காய்ந்து நின்றுவிடும். வெயிலில் கிடந்து சூடேறிய தகட்டில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கை செய்வதற்கு நுனிவருடல் என்று வைக்கலாம். பெயின்ட்டைப் பரப்பி, குறுக்கே ஒரு முறை இழுத்து, கடைசியாக அதிகம் பெயின்ட் இல்லாத பிரஷ்ஷின் நுனியால் ஒரே திசையில் அழுத்தாமல் இழுத்துவிடுவதுதான் அது. ‘தடவல்’ என்றால் பூசுவது என்றும் ஆகிவிடும். வருடல் என்ற சொல்லிலேயே அழுத்தம் கூடாது என்பது அடங்கியிருக்கிறது. வருடியதும் கையை எடுத்துவிட வேண்டும். மிச்சத்தை நிரவல் பார்த்துக்கொள்ளும். குழப்பம் வரும் இடங்களில் மட்டும் ‘தன்நிரவல்’ என்று எழுதலாம்.

நிரவலுக்கும் உலர்தலுக்கும் உள்ள இந்தப் போட்டியைக் கையேட்டின் முன்னுரையிலேயே சொல்லிவிடலாம் என்பது என் ஆசை. கார்த் தொழிலின் போக்கையே அது மாற்றியிருக்கிறது. குதிரை வண்டிக்குப் பூசிய அதே முறையில்தான் தொடக்க காலக் கார்களுக்கும் பிரஷ்ஷால் வார்னிஷ் பூசினார்கள். ஒவ்வொரு பூச்சும் மெதுவாக உலர்ந்ததால் கோடு நிரவ நேரம் கிடைத்தது; ஆனால் ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆனது. 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லாண்ட் கார்களுக்கு டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வகைப் பெயின்ட்டைக் கொண்டுவந்தது. அது உலரும் வேகத்துக்கு பிரஷ் கோடு நிரவ நேரமே கிடைக்காது, ஸ்ப்ரே கன்தான் அதற்கு ஏற்ற கருவி. டூகோ பெயின்ட் என்று நம் பட்டறைகளில் இன்னும் சொல்கிறார்களே, அந்தப் பெயர்தான். ஆகவே நம் கையேடு மெதுவாக உலரும் எனாமலுக்கு மட்டும் என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

இன்னொன்று. இலங்கை நண்பர்களுக்குப் பெயின்ட் என்பது தீந்தை. நிரவல், நுனிவருடல் இரண்டிலும் பெயின்ட் என்ற சொல் கிடையாது என்பதால் அவர்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சங்கீதத்திலும் நிரவல் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கட்டும். எனாமல் டப்பாவோடு நிற்கிறவர் குழம்பமாட்டார்.

அடித்த பகுதியின் இன்னும் உலராத ஓரத்துக்கான ‘ஈர விளிம்பு’ என்ற சொல்லை யாரும் மறுக்கவில்லை, அது முடிந்தது. ‘ஆரஞ்சுத் தோல்’, அதாவது பூச்சு ஆரஞ்சுப் பழத் தோல்போலக் குழிகுழியாக நிற்பது, பெரும்பாலும் ஸ்ப்ரே வேலையில் வரும் குறை, இந்தக் கையேட்டுக்கு வேண்டாம். நுனிவருடலுக்கு உங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஏதாவது சொல் ஏற்கெனவே புழங்கினால் தயவுசெய்து எழுதுங்கள். என் சொல்லை எடுத்துவிட்டு அதையே வரைவில் போடுகிறேன்.