ஸ்ட்ராய்சல் தூவிய பிளம்ஸ் கேக்: உங்கள் அனுபவம் என்ன?

செப்டம்பர் வந்துவிட்டது, ஜெர்மனியில் எந்தக் கடைக்குப் போனாலும் வாசலிலேயே கருநீலப் பழம் குவிந்து கிடக்கிறது. பிளம்ஸ் கேக் செய்தவர்கள், சாப்பிட்டவர்கள், செய்து சரியாக வராமல் விட்டவர்கள் எல்லோரும் கீழே எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கார்ல்ஸ்ரூவுக்குக் குடிவந்த இரண்டாவது மாதம் கீழ்வீட்டுப் பாட்டி ஒரு வாளி பழத்தோடு கதவைத் தட்டினார். ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு துண்டுத் தோட்டம், அதில் ஒரே ஒரு மரம், ஆனால் காய்க்கிற வருடம் தெருவுக்கே போதும். நான் நன்றி சொல்லி, தெரிந்த ஜெர்மன் வார்த்தையில் பிளம்ஸ் என்றதும் உடனே திருத்தினார். இது ‘ஃப்லௌமே’ இல்லை, ‘ட்ஸ்வெட்ச்கே’. எனக்கு இரண்டும் பிளம்ஸ்தான் என்பதால் தலையாட்டிவிட்டு, வாளியில் இருந்ததை நானும் பிள்ளைகளும் நான்கே நாளில் தின்று தீர்த்தோம். அப்புறம் கேக் செய்ய ஆசை வந்தபோது கடையில் உருண்டையாகச் சிவப்பாக இருந்த பழத்தை வாங்கி வந்தேன். நறுக்கி, புளிக்குமே என்று சர்க்கரை தூவி ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஈஸ்ட் மாவின் மேல் பரப்பி, ஸ்ட்ராய்சல் (மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விரவிய உதிரித் துண்டுகள்) தூவி ஓவனில் வைத்தேன்.

வெளியே எடுத்தபோது மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெட்டினால் அடி முழுக்கக் கஞ்சி. பழத்தின் சாறெல்லாம் மாவில் இறங்கி, அது வேகவே இல்லை. வாளியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல், இருப்பதிலேயே நல்ல துண்டாக ஒன்றை வைத்துக் கொண்டுபோனேன். பாட்டி வாயில் வைக்கவில்லை. கத்தியைத் துண்டுக்கு அடியில் நுழைத்து, லேசாகத் தூக்கி, அடிப்பக்கத்தைப் பார்த்தார். “சனிக்கிழமை பத்து மணிக்கு வா” என்றார்.

அந்தச் சனிக்கிழமை நான் கற்றுக்கொண்டது முக்கால்வாசி பழத்தைப் பற்றித்தான். ட்ஸ்வெட்ச்கே நீளமாக, இரண்டு முனையும் சற்றுக் கூராக இருக்கும். சதை கெட்டி, தண்ணீர் குறைவு. உருண்டைப் பழம் அப்படியே கடித்துச் சாப்பிட நன்றாக இருக்கும், ஆனால் சூட்டில் கரைந்து தண்ணீர் விட்டுவிடும். பழத்தின் மேல் வெண்ணீறு பூசியது போல ஒரு மெழுகுப் படலம் இருக்கும், வாங்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதிகம் கை படாத பழம். நறுக்கும் நேரம் வரை கழுவக் கூடாது. பாட்டி பக்கவாட்டுக் கோட்டில் கத்தியை ஓட்டி, புத்தகம் போல விரித்து, கத்தி முனையால் கொட்டையைத் தட்டினால் அது சதை ஒட்டாமல் காய்ந்த விதை போல விழுகிறது. விரித்த பழத்தின் முனைகளில் சின்னதாக ஒவ்வொரு கீறல். பிறகு தட்டின் ஒரு ஓரத்தில் தொடங்கி, ஓட்டு வீட்டுக்கு ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து நெருக்கமாக அடுக்கினார். இடைவெளியே விடவில்லை. வேகும்போது பழம் சுருங்கும் என்பதால் பச்சையாக இருக்கும்போது கொஞ்சம் அதிகமாகத் தெரிகிற அளவுதான் சரியான அளவு. முப்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர் தட்டுக்கு இரண்டு கிலோ வரை போயிற்று.

அடுக்குவதற்கு முன் மாவின் மேல் ஒரு கைப்பிடி ரவை தூவினார், சாறு இறங்கினால் அது குடித்துக்கொள்ளும். சிலர் ரஸ்க் தூள் போடுகிறார்கள். பழத்தின் மேல் சர்க்கரை மட்டும் கூடவே கூடாது, அது தண்ணீரை வெளியே இழுத்துவிடும். ஓவனிலிருந்து எடுத்த பிறகு பட்டைத் தூள் கலந்த சர்க்கரையைத் தூவிக்கொள்ளலாம்.

ஸ்ட்ராய்சலுக்கு அவர் சொன்னது மூன்றே எண்: முந்நூறு கிராம் மைதா, இருநூறு வெண்ணெய், நூற்றைம்பது சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெய் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்க வேண்டும். விரல் நுனியால் விரவுவதைப் பார்த்ததும் எனக்குப் புட்டு மாவு ஞாபகம் வந்து, நானும் பொலபொலவென்று உதிர்த்துக் கொண்டிருந்தேன். பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார். புட்டுக்கு உதிர்க்கும் பக்குவம் வரைதான் இரண்டும் ஒன்று. அதற்கப்புறம் ஸ்ட்ராய்சலை ஒரு கைப்பிடி அள்ளி அழுத்தி, பிட்டுப் பிட்டுப் போட வேண்டும், சில துண்டு சுண்டைக்காய் அளவு, சில துண்டு நெல்லிக்காய் அளவு. பெரிய துண்டுகள் உள்ளே மெதுவாகவும் வெளியே மொறுமொறுவென்றும் இருக்கும். நேரமாக்கினால் கைச்சூட்டில் வெண்ணெய் உருகி மொத்தமும் ஒரே உருண்டையாகிவிடும்.

மாவுக்கு நான் இப்போது போடும் அளவு: 400 கிராம் மைதா, ஃபிரஷ் ஈஸ்ட் கட்டியில் பாதி (கட்டி 42 கிராம்), வெதுவெதுப்பான பால் 180 மி.லி., சர்க்கரையும் வெண்ணெயும் அறுபது அறுபது கிராம், ஒரு முட்டை, உப்பு. இரண்டு மடங்காகப் பொங்கியதும் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மேல்கீழ்ச் சூட்டில் 190 டிகிரி, நாற்பது நிமிடம். வேகும் முன் மஞ்சளாக இருந்த சதை வெந்ததும் தோலின் நிறம் இறங்கி அரக்குச் சிவப்பாகிவிடும், ஸ்ட்ராய்சலுக்கு நடுவே அது குமிழ் விடுவதைப் பார்க்க ஓவன் கண்ணாடி முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாவது தட்டை நானே செய்து கொண்டுபோனேன். பாட்டி அப்போதும் முதலில் அடியைத்தான் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் க்ரீம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். இந்த ஊர்ப் பக்கம் குறை சொல்லாமல் இருந்தாலே பாராட்டு.

* * *

நான் இருப்பது சார்ப்ரூக்கனில். இங்கே இதற்குப் பெயர் குவெட்ஷேகூஹே. வந்த புதிதில் வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பச்சைப் போஞ்சி (பீன்ஸ்) போட்ட சூப் ஊற்றித் தந்தார்கள், பக்கத்திலே ஒரு துண்டு பிளம்ஸ் கேக். கேக் சாப்பாட்டுக்குப் பிறகு என்று நினைத்து ஒதுக்கி வைத்தேன். சுற்றிப் பார்த்தால் எல்லோரும் ஒரு கரண்டி சூப், ஒரு கடி கேக் என்று சாப்பிடுகினம். எனக்குப் பெரிய அதிசயம். நானும் அப்படியே சாப்பிட்டுப் பார்த்தேன், சூப்பின் உப்பும் புகையிட்ட இறைச்சி வாசமும் கேக்கின் புளிப்பும் அப்படிப் பொருந்துகிறது. பக்கத்து ஃபால்ட்ஸ் பகுதியில் போஞ்சிக்குப் பதில் உருளைக்கிழங்கு சூப்.

அந்தச் சாப்பாட்டுக்குச் செய்யும் கேக்கில் சீனி குறைவு, பலர் ஸ்ட்ராய்சலும் போடுவதில்லை. எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஸ்ட்ராய்சல் இல்லாவிட்டால் தொட மாட்டார்கள், அதனால் பாதித் தட்டுக்கு மட்டும் போடுவேன். சூப்புக்கு மற்றப் பாதி. பின்னேரம் கோப்பியோடு ஸ்ட்ராய்சல் பாதி.

* * *

அவுக்ஸ்பர்க்கிலிருந்து. ஸ்ட்ராய்சல் என்று எழுதியதைப் பார்த்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்! இங்கே இதன் பெயர் ட்ஸ்வெட்ச்கென்டாச்சி. ஊருக்கே ‘டாச்சிபுர்க்’ என்று செல்லப்பெயர் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே ஸ்ட்ராய்சல் உண்டா இல்லையா என்பதில் ஒரே அலுவலகத்தில் இரண்டு கட்சி. மேலே ஸ்ட்ராய்சல் கூடாது, பழம் தெரிய வேண்டும் என்கிற கட்சி எங்கள் தளத்தில் வலுவாக இருக்கிறது. நான் போட்டுத்தான் கொண்டுபோனேன், தட்டு காலியாகத்தான் திரும்பியது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை, பால்கனியில் வைத்துச் சாப்பிடுபவர்கள் குளவியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பழத்துக்கும் அதற்கும் ஒரே பருவம். காரணம் இல்லாமல் அதைக் கொல்வதற்கு இங்கே சட்டப்படி தடை, அதனால் கேக்கை மூடிவைப்பதுதான் வழி. கடிக்கும் முன் துண்டைத் திருப்பிப் பாருங்கள், என் மகனுக்கு உதட்டில் கொட்டி அந்த ஞாயிறு முழுவதும் அழுதான்.

* * *

இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். போன வருடம் செப்டம்பரில் சமையல்காரர் ஒரு பெட்டி ட்ஸ்வெட்ச்கேயைப் பொது அறைக்குக் கொண்டுவந்து மேஜை மேல் கொட்டினார். எங்கள் பிரிவில் ஒரு அம்மா, தொண்ணூறை நெருங்குகிறார், மறதி நோய், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பல நாள் திரும்ப மாட்டார். பழத்தை அவர் பார்க்கவே இல்லை. ஆனால் ஸ்ட்ராய்சலுக்கு மாவும் வெண்ணெயும் போட்ட கிண்ணத்தை முன்னால் வைத்ததும் கை தானாக உள்ளே போனது. கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டே போகிறது, ஒரு வேகம், ஒரே சீர். நடுவில் நிறுத்தி, சர்க்கரை என்று கேட்டார். கொடுத்தோம். வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளி வைத்தார்.

அவர் பிறந்தது சிலேசியாவில் (இன்று பெரும்பகுதி போலந்தில் இருக்கிறது) என்று அப்புறம் மகள் சொன்னார். போருக்குப் பின் சிறுமியாக வெளியேற்றப்பட்டு இந்தப் பக்கம் வந்த குடும்பம். சிலேசியர்களுக்கு ஸ்ட்ராய்சல் கேக் என்றால் உயிராம், கல்யாணம் முதல் எல்லாவற்றுக்கும் அதுதானாம். இப்போது வாரம் ஒருநாள் அவருக்கு ஒரு கிண்ணம் தருகிறோம்.

* * *

முதலில் எழுதியவள்தான். மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் தோன்றவில்லை. நன்றி சகோதரி.

உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு: ஆம், கொட்டை நீக்கிப் பாதியாக்கி ஃப்ரீசரில் வைக்கலாம். கேக்குக்கு எடுக்கும்போது உறைபனி விலக விடாதீர்கள், அப்படியே அடுக்குங்கள், ரவை இன்னொரு பிடி கூடுதலாக, ஓவனில் பத்து நிமிடம் அதிகமாக. பழம் வாங்க வேண்டுமே என்பவர்கள் நடக்கப்போகும்போது மரங்களைப் பாருங்கள். பல ஊர்களில் மஞ்சள் ரிப்பன் கட்டிய மரம் இருக்கும், அதில் யார் வேண்டுமானாலும் வீட்டுக்குத் தேவையான அளவு பறித்துக்கொள்ளலாம் என்று உரிமையாளரே கட்டிவைத்தது. கிளையை ஒடிக்காமல் பறியுங்கள்.

இன்று காலை பாட்டி மாடியேறி வந்து, இந்த முறை கொடுத்த வாளியைத் திருப்பிக் கேட்டார். மரத்தில் இன்னும் இருக்கிறதாம்.