அப்பாருக்கு வளைவு வேண்டாமுங்க, பள்ளத்தைத் தூர் வாருவோம்

அனைவருக்கும் வணக்கமுங்க.

சிங்கப்பூர் அண்ணன் போன வாரம் போட்ட மடலுக்குப் பதில் இது. அப்பாரு பேரில் ஊர் முகப்பில் ஒரு வளைவு கட்டலாம் என்று எழுதியிருந்தார். படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஆத்தாவிடமும் சித்தப்பாவிடமும் பேசிவிட்டு, பேத்தி என்ற உரிமையில் வேறொன்று கேட்கிறேன்: அந்தப் பணத்தில், நம்ம குளத்துக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் ஓடையான பள்ளத்தைத் தூர் வாரலாம். அதற்கு முன்னால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு அவர் பழைய ஊராட்சித் தலைவர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

கவலை, அதாவது எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் ஏற்றம், ஓட்டிய கடைசித் தலைமுறை அவருடையது. கோழி கூப்பிடும் முன்பே எருதுகளைப் பூட்டி, வடத்தின் மேல் உட்கார்ந்தபடி கிணற்றோரச் சரிவான வாரியில் இறங்கி, நாளெல்லாம் இறைத்தாலும் கொஞ்சம் பாத்திதான் நனையும். பைக்காரா மின்சாரம் 1930களிலேயே கோயமுத்தூர் ஆலைகளுக்கு வந்துவிட்டது. நம்ம தோட்டத்துக் கிணற்றுக்கு மோட்டார் வந்தது அப்பாருக்குக் கல்யாணமான வருஷம்தான். அன்றைக்குச் சாயங்காலம் எருதுகளின் கழுத்துக் காய்ப்பைத் தடவிக்கொண்டு வெகு நேரம் நின்றாராம். ஆத்தா இன்றைக்கும் சொல்லும்.

அதனால்தான் 1970இல் விவசாய மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவானபோது அவரால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு பைசாவா பெரிது என்று இப்போது தோன்றும். இரவு பகலாக மோட்டார் ஓடினால்தான் பருத்தி பிழைக்கும் என்கிற ஊரில் அது பெரிய காசு. அதை எதிர்த்த போராட்டத்தில் அந்த வருஷம் ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972இல் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயமுத்தூர் வீதிகளை மாட்டு வண்டிகள் அடைத்து நின்றன. அதில் அப்பாரு வண்டியும் ஒன்று.

பின்னால் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. அப்பாருவின் பெருமையெல்லாம் எனக்கு இதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. கரண்டுக்காகப் போராடிய மனுசன், காசில்லாத கரண்டில் கிணறுகள் வற்றுவதை ஊரில் முதலில் கவனித்ததும் அவர்தான். மோட்டாரை நிறுத்த யாருக்கும் காரணமே இல்லாமல் போயிற்று. கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளை போடும் சைடு போர், அப்புறம் காட்டுக்குள் ஆழ்துளைப் போர், 300 அடி, 600 அடி என்று போனார்கள். அவரும் விதிவிலக்கில்லை. ஆத்தாவின் காசுமாலையை வைத்து ஒரு போர் போட்டார். 700 அடி வரைக்கும் தண்ணீர் இல்லை, கல் தூசிப் புகைதான் வந்தது. அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே அன்று ராத்திரி கட்டில் போட்டுப் படுத்திருந்தார் என்று சித்தப்பா சொல்வார்.

மறுமாதம் ஒன்றாம் தேதி ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினார். அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு மாதமும் விட்டதில்லை. பக்கத்தில் அந்த மாத மழை, மோட்டார் ஓடிய மணிக்கணக்கு. மூன்று வருஷம் எழுதினதில் ஒன்று அவருக்குப் பிடிபட்டது. பெய்கிற மழையைவிட, பள்ளத்தில் ஓடிவந்து குளத்தில் நிற்கிற தண்ணீருக்குத்தான் கிணறு அதிகமாக ஏறுகிறது. நம்ம பக்கம் வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர்தான் மழை. அதுவும் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். நிறுத்தி வைக்காவிட்டால் போனது போனதுதான்.

அந்தப் புகைபோன போரைச் சுற்றிக் குழி வெட்டி, ஜல்லி, கூழாங்கல், மணல் என்று நிரப்பிக் காட்டுத் தண்ணீரை அதற்குள் திருப்பினார். தென்னைக்கு வட்டப்பாத்தி பாய்ச்சுவதை நிறுத்திச் சொட்டுநீர் போட்டார். கோடையில் ஒரு மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர், அவ்வளவுதான். மானியமெல்லாம் பரவலாக வருவதற்கு முந்தைய காலம். குருத்து காயப்போகிறது என்று அவர் கூடப்பிறந்த அண்ணனே சண்டை போட்டு, இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

1996இல் தலைவரானதும் அந்த நோட்டை மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து விரித்தார். போர் போடாதே என்று சொல்ல அப்போது ஊராட்சிக்கு அதிகாரம் இருக்கவில்லை. ஒவ்வொரு தோட்டமாகப் போய் உட்கார்ந்து பேசித்தான், பள்ளத்தோரம் இருந்த கிணறுகளுக்கெல்லாம் மோட்டார் முறை வைத்தார். குளத்தைத் தூர் வாரியபோது வண்டல் முதலில் இரண்டு ஏக்கருக்குக் கீழ் இருப்பவர்களுக்குத்தான் என்றார். வசதியானவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் அசையவில்லை.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது அவர் தோப்பிலும் மரங்கள் மொட்டையாயின. அதையும் நோட்டில் மரம் மரமாக எழுதியிருக்கிறார்.

அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துக்காக நம்ம ஜனங்கள் 60 வருஷத்துக்கு மேல் காத்திருந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. 1,916 கோடி ரூபாயில், 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் தரும் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. நம்ம குளத்தில் குழாய்த் தண்ணீர் விழுந்த அன்று அவரை நாற்காலியோடு தூக்கிப்போய்க் கரையில் உட்கார வைத்தார்கள். நான் வீடியோவில் பார்த்தேன். அழுதார். அழுதுகொண்டே, "பள்ளம் அடைஞ்சு கெடக்குது பாரு கண்ணு, அதைய உட்டுராதீங்க"ன்னார்.

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. இந்தத் திட்டம் எடுப்பது பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டிப் போகும் உபரித் தண்ணீரில் 1.5 டி.எம்.சி. மட்டும். பவானியில் உபரி இல்லாத வருஷம் குழாயும் காய்ந்துதான் கிடக்கும். மழைத்தண்ணீர் வரும் பள்ளமோ இப்போது சீமைக்கருவேலமும் பிளாஸ்டிக்குமாகக் கிடக்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டர்.

ஆகவே வளைவுக்கென்று ஒதுக்க நினைத்த பணத்தைப் பள்ளத்துக்குத் தாருங்கள். கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும், வெறுமனே வெட்டினால் தழைத்துவிடும். அனுமதிக்குச் சித்தப்பா மனு கொடுத்திருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமானால் ஆவணியில் ஜே.சி.பி. இறங்கியாக வேண்டும். ஆவணி முதல் வாரம் நான் ஊரில் இருப்பேன், அந்த நேரத்தில் வருகிறவர்கள் சொல்லுங்கள். நோட்டுகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.

அவர் கிணறு அளந்த கயிறு தோட்டத்துச் சாளை வீட்டில் அதே ஆணியில்தான் தொங்குகிறது. இப்போது சித்தப்பா மகன் அளக்கிறான். இந்த மாதம் 47 அடி.