புதுப்பிப்பு: பேபால் பெயரில் வந்த போலி மின்னஞ்சல்

வெளிநாட்டுக்குக் கைவினைப் பொருள் விற்கும் என் அத்தைக்கு, "கணக்கு முடக்கப்பட்டது, உடனே சரிபாருங்கள்" என்று இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவையான பேபால் பெயரில் மின்னஞ்சல் வந்ததை முன்பு எழுதியிருந்தேன். அது போலிதான்.

அனுப்புநர் பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பார்த்தோம். ஆங்கிலத்தில் பேபால் என்பதன் கடைசி எழுத்தான 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் 1 என்ற எண்! கைப்பேசித் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. விளிப்பிலும் அத்தையின் பெயர் இல்லை, வெறும் 'வாடிக்கையாளரே'. உலாவியில் பேபாலின் உண்மையான இணைய முகவரியை நாமே தட்டச்சு செய்து உள்ளே போனால், கணக்கில் எந்த முடக்கமும் இல்லை.

இணைப்பைத் தொடாமல், மடலை அப்படியே 'ஃபிஷிங் அட் பேபால் டாட் காம்' முகவரிக்கு அனுப்பிவிட்டு அழித்தோம்.

யாராவது ஏற்கெனவே பணத்தை இழந்திருந்தால், தயங்காதீர்கள், கூச்சப்படாதீர்கள். இந்தியாவில் இணையப் பணமோசடிக்கான உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள்; பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.